சூப்பர்வைசர் முன்னால் போட்ட ஊசி

9 அக்டோபர் 2006
ஷூ கம்பெனியில் இன்று எல்லாருக்கும் ஃப்ளூ ஊசி. போன மழையில் பாதி லைன் காய்ச்சலில் படுத்து ஷிப்மென்ட் தாமதமானதாம், அதனால் வந்த அக்கறை. எங்கள் மேல் இல்லை, ஷூ மேல். நர்ஸ் சத்தமாகக் கேட்டார்: "யார்னா முழுகாம இருக்கீங்களா?" பக்கத்திலேயே சூப்பர்வைசர் ரத்தினசாமி, கையில் பெயர் லிஸ்ட்டோடு. எப்படிச் சொல்வது? தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், திரும்ப எடுக்க மாட்டார்கள். வயிறு தெரியும்வரை வேலைக் கோட்டுக்குள் மறைப்பதுதான் இங்கே எல்லாரும் செய்வது. எனக்கு மூன்று மாதம். பேசாமல் கையை நீட்டினேன்.

10 அக்டோபர்
லேசாகக் காய்ச்சல். பக்கத்து டேபிள் வஹீதாவிடம் மட்டும் சொன்னேன். "அய்யோ எப்சிக்கா, அந்த ஊசி வயித்துப் பிள்ளைக்கு ஆவாது. பேரணாம்பட்டுல ஒருத்திக்குக் கலைஞ்சு போச்சாம்." யார் அந்த ஒருத்தி? தெரியாதாம். சொன்னார்களாம்.

11 அக்டோபர்
போன வருஷம் ஒன்று போயிற்று. இதுவும் போனால் — எழுத மாட்டேன்.

12 அக்டோபர்
ஆல்வினிடம் சொன்னேன். கத்தினார். "வாய் இன்னா ஆச்சு உனக்கு? ஒரு வார்த்த சொல்ல முடியல?" சொல்லி வேலை போயிருந்தால் அதற்கும் என் மேல்தான் கத்தியிருப்பார். புருஷன் என்று ஒருத்தர். ராத்திரிக்குச் சோறு வடிக்கவில்லை, கிடக்கட்டும்.

14 அக்டோபர்
வேலூரில் டாக்டரம்மாவைப் பார்த்தேன். கம்பெனியில் கொடுத்த ஊசிச் சீட்டைப் படித்துவிட்டுச் சொன்னார்: "இது செத்த கிருமிம்மா, பிள்ளையை ஒண்ணும் பண்ணாது. மாசமா இருக்கறப்ப ஃப்ளூ வந்தாத்தான் ஆபத்து." பேரணாம்பட்டு? "ஊசி போடாதவங்களுக்கும்தான் கலையுது." ஸ்கேனில் துடிப்பைக் காட்டினார். அழுதேன்.

பிறகு என்ன வேலை என்று கேட்டார். சொல்யூஷன் பசை தடவித் தோல் ஒட்டுவது, ஒன்பது மணி நேரம். ஜன்னல்? தூசி ஒட்டும் என்று திறக்க விட மாட்டார்கள். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நீ பயப்பட வேண்டியது அந்த நெடிக்கு."

ஐந்து நாளாக எதற்கோ பயந்து செத்திருக்கிறேன். நாலு வருஷமாக முகர்ந்துகொண்டிருப்பதைப் பற்றி ஒருத்தரும் வாய் திறந்ததில்லை. போன வருஷத்துப் பிள்ளை அதனால்தானா? "உறுதியாச் சொல்ல முடியாது" என்றார். உறுதி யாருக்கு வேண்டும்? ஜன்னலைத் திறந்திருக்கலாமே, பாவிகள்.

16 அக்டோபர்
லைனில் எல்லார் காதிலும் விழும்படி ரத்தினசாமியிடம் சொன்னேன். "மாசமா இருக்கேன் சார். ஒட்டற டேபிள் வேணாம், வேற வேலை குடுங்க."
"நர்ஸ் கேட்டப்பவே சொல்றதுக்கு இன்னா?"
"உங்க எதிர்ல கேட்டா எவ சார் சொல்லுவா?"


17 அக்டோபர்
"வீட்ல ரெஸ்ட் எடும்மா" என்று ரத்தினசாமி அனுப்பிவிட்டார். நாலு வருஷத்துக்கு அவ்வளவுதான்.

19 ஏப்ரல் 2007
பெண். இரண்டு கிலோ எண்ணூறு. நன்றாகக் கத்துகிறாள், கத்தட்டும்.

4 ஜூன்
கம்பெனியின் புது யூனிட்டுக்கு ஆள் எடுக்கிறார்கள், அங்கே என்னை யாருக்கும் தெரியாது. வஹீதா ஃபாரம் கொண்டுவந்தாள். "குழந்தை இல்லன்னு எழுதுக்கா, கைக்குழந்தைன்னா எடுக்க மாட்டாங்க." 'ஒன்று' என்று எழுதினேன். யாரும் கேட்காத வயதையும் எழுதினேன், ஒன்றரை மாதம். தலையில் அடித்துக்கொண்டாள்.

அவளுக்கு இது நாலாவது மாதம். எனக்கு மட்டும்தான் தெரியும். இன்னும் ஒட்டுகிற டேபிளில்தான் இருக்கிறாள். நாளை பாப்பாவுக்கு ஒன்றரை மாத ஊசி போடப் போகிறேன், நீயும் வா, டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வரலாம் என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

வர முடியாதாம். லீவு கேட்டால் எதற்கு என்று கேட்பார்களாம்.