ஐப்பசி மழையும் நம் கூடாரமும்

பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். காலையிலிருந்து டர்பன்டைன் வாடை. "தலை வலிக்கும் ஐயா, ஜன்னலைச் சாத்திக்கங்க" என்றார் பெயிண்டர். நான் சாத்தவில்லை. இந்த வாடை வந்தால் எனக்கு உன் கைதான் ஞாபகம் வரும். என் கையைப் படாரென்று தட்டிவிட்ட கை.

நாம் கல்யாணம் செய்துகொண்டது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளின் நடுவில். நீ அத்தா என்று கூப்பிடும் உன் அப்பாவுக்குத் திண்டுக்கல்லில் தோல் வியாபாரம். எங்கள் வீட்டுக்குக் குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிச் சோளக்காடு. நான் லாரிப் பட்டறையில் மெக்கானிக். இரண்டு வீடும் நம்மைத் தலைமுழுகிவிட்டன. வாடகைக்கு வீடு தேடி அலைந்தோம். என் பெயரைக் கேட்டுத் தலையாட்டியவர்கள், உன் பெயரைக் கேட்டதும் வீட்டை ஏற்கெனவே வேறு ஆளுக்குப் பேசிவிட்டதாகச் சொன்னார்கள். உங்கள் தெருப் பக்கம் போனால் என் பெயர் உதைத்தது.

புரோக்கர் நல்ல மனிதர். உன்னிடம்தான் சொன்னார். "கமலான்னு சொல்லிக்கம்மா. யாரு வந்து பாக்கப் போறா?"

"பேரை மாத்திக்கிட்டுத்தான் தூங்கணும்னா, எனக்கு ரோட்டுலயே தூக்கம் வரும்ண்ணே" என்றாய்.

பட்டறையில் சண்டைக் காலத்து மிலிட்டரிக் கூடாரம் ஒன்று மூலையில் கிடந்தது. முதலாளி எடுத்துக்கொள்ளச் சொன்னார். ஊருக்கு வெளியே, என் சிநேகிதனின் காட்டு ஓரத்தில் அடித்தோம். முதல் தூறலிலேயே பாய் நனைந்தது. என் அண்ணன் ஆள் விட்டுச் சொன்னார்: "ஐப்பசி பொறக்கட்டும். அந்தத் துணிக்குள்ள எம்புட்டு நாள் இருப்பாங்கன்னு பாக்குறேன்."

அதைக் கேட்ட மறுநாளே கூடாரத்தைப் பிரித்து வெயிலில் விரித்தாய். பூஞ்சைக் கறையைத் தேங்காய் நாரால் தேய்த்துத் தேய்த்து உன் விரல் முட்டிகள் சிவந்துபோயின. தோல் தைக்கும் ஊசியால் கிழிசலுக்கெல்லாம் ஒட்டுப் போட்டாய். உங்கள் வீட்டில் தோல் பைகளுக்கு மெழுகு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்தவள் நீ. சிறுமலைக்காரர்கள் சந்தைக்குக் கொண்டுவந்த தேன்மெழுகை வாங்கி வந்து, கொதிக்கும் தண்ணீருக்குள் சட்டியை வைத்து உருக்கினாய். நான் அவசரக்காரன். மெழுகை இளக்க, அடுப்பு எரியும்போதே டர்பன்டைனை ஊற்றப் போனேன். அப்போதுதான் தட்டிவிட்டாய்.

"கூடாரமே இல்லாமப் பண்ணிருவீங்க போல! சட்டியை அங்கிட்டுத் தள்ளிக் கொண்டுபோயி ஊத்துங்க."

காய்ந்த துணி வெயிலில் சுட்டது. அதில் மெழுகைத் தேய்க்கத் தேய்க்கக் குடித்துக்கொண்டே இருந்தது. தையல் ஓரங்களுக்கு மட்டும் இரண்டாம் தடவையும் பூசினாய். ரோட்டில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். நீ தலைமுக்காட்டை இழுத்துச் செருகிக்கொண்டு, அவர்களைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலை செய்தாய்.

மழை வந்தது. மூன்றாம் நாள் சாயங்காலம் அண்ணனும் வந்தார், சொட்டச் சொட்ட நனைந்து. நீ கொடுத்த துண்டை வாங்காமல் என்னிடம் பேசினார்.

"ஏலே, கிளம்பு. அம்மா அழுகுது. நீ மட்டும் வா."

நான் வாயைத் திறப்பதற்குள் அவர் தலைக்கு மேலிருந்த துணியைப் பார்த்தார். சொட்டுத் தண்ணீர் இல்லை. நம்பாமல் விரலால் அழுத்தினார்.

"தொடாதீங்க மச்சான். மழையில தொட்ட எடத்துல ஒழுகும்" என்றாய்.

அவர் இன்னும் பலமாக அழுத்தினார். விரல் பட்ட இடத்திலிருந்து தண்ணீர் இறங்கி அவர் நெற்றியில் சொட்டியது. நீ சிரிக்கவில்லை. டீத் தம்ளரை அவர் முன்னால் வைத்துவிட்டு, "செத்த தள்ளி உக்காருங்க, அங்க நனையாது" என்றாய். பிறகு நேராகப் பார்த்துச் சொன்னாய்: "அவரைக் கூப்பிட வந்தீங்க, சரி. வந்தா ரெண்டு பேரும் வருவோம். இல்லாட்டி மழை விடுற மட்டும் நீங்க இங்க இருக்கலாம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். "அவ சொன்னதுதான்" என்றேன். அவர் தள்ளி உட்கார்ந்தார். டீயைக் குடித்தார். மழை விட்டதும் நீ கொடுத்த துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு நடந்தார். அதற்குப் பிறகு நம்மைக் கூப்பிட யாரும் வரவில்லை. நாமும் போகவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க அங்கேயே இருந்தோம். கோடையில் அதே இடத்தில் மண்சுவர் எழுப்பினோம்.

அன்றைக்கு அண்ணன் போன பிறகு, கூடார வாசல் கயிற்றை இழுத்து இழுத்து இரண்டு முடிச்சுப் போட்டாய்.

"பயந்துட்டியா?"

"பயந்தேன்தான். பயந்தா? வெளிய போயிரணுமா?"

நீ கண்ணை மூடிய பிறகு நம் மகன் என்னைத் தன்னோடு வரச் சொல்லிக்கொண்டே இருக்கிறான். எங்கள் சொந்தக்காரர்கள் கொஞ்ச நாளாக வந்துபோகிறார்கள். வயதான காலத்தில் எங்கள் ஆட்களோடு சேர்ந்துகொள் என்கிறார்கள். கூடத்தில் உன் அத்தா வீட்டுக் குர்ஆன் இருக்கிறதே, அதை மட்டும் எங்காவது கொடுத்துவிடலாமே என்கிறார்கள். அது வைத்த இடத்திலேயே இருக்கிறது. தனியாக இருக்கப் பயமாகத்தான் இருக்கிறது. இருந்தால் என்ன, நான் எங்கும் போவதாக இல்லை.