அண்ணாந்து குடித்த பீர்

ஆவடி,
22.2.1993

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை கஸ்தூரி எழுதுவது. ஜெர்மனிக் குளிரில் நீயும் அண்ணியும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வராததால்தான் உன் இரண்டு கடிதங்களுக்கும் பதில் போடவில்லை. இதை எழுதுவது அவருக்குத் தெரியாது. சாப்பாட்டு நேரத்தில் பாக்டரியில் தையல் மெஷின் மேல் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணினால் மன்னித்துக்கொள்.

உரமும் பூச்சி மருந்தும் போடாத பார்லியில் செய்தது என்று பீர் கொடுத்து அனுப்பினாயே, மாப்பிள்ளை என்ன சொன்னார் என்று கேட்டிருந்தாய். அவர் ஒன்றும் சொல்லவில்லை அண்ணா. குடித்துப் பார்த்தவள் நான்.

திட்டாதே, முழுதும் படி. போன ஆடியில், திருமழிசையில் அவர் வேலை பார்க்கும் பீர் கம்பெனியில், குளிர் மெஷின் ரூமில் அம்மோனியா கசிந்தது. எல்லோரும் வெளியே ஓட, இவர் உள்ளே ஓடி வால்வை மூடினார். கண்ணெரிச்சல் ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது என்று உனக்கு எழுதினேன். மூக்கு போனதை எழுதவில்லை. எனக்கே ஒரு மாதம் கழித்துத்தான் தெரியும். அடுப்பில் பருப்பு தீய்ந்து தெருவரைக்கும் நாறுகிறது, இவர் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். நான் கத்தின பிறகு மெதுவாகச் சொன்னார். பீரை ருசி பார்த்துச் சொல்வதுதான் அவர் வேலை, மூக்கில்லாத நாக்கு எதற்கு ஆகும்? கம்பெனிக்குத் தெரிந்தால் அவ்வளவுதான் என்று வாயை மூடிக்கொண்டார். நானும் மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து முதலாளிக்கும் உங்கள் ஊர் ஆசை வந்துவிட்டது. உரமில்லாத பார்லியை எங்கிருந்தோ வரவழைத்து, மூன்று விதமாகப் பீர் போட்டார். ஜெர்மனிச் சரக்கோடு ஒப்பிட்டு எது தேறும் என்று உத்தமன் எழுதித் தரட்டும் என இவர் பெயரைச் சொன்னாராம். இவர் வீட்டில் அமைதியாகப் பார்ப்பதாகச் சொல்லி, மூன்று பாட்டிலையும் சாப்பாட்டுப் பையில் கொண்டுவந்தார். ஞாயிற்றுக்கிழமை கதவைத் தாழ் போட்டு, நாலு எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி என் முன்னால் வைத்தார்.

உன்னுடையது முதலில் கசந்து, பிறகு வேப்பம்பூ ரசம் மாதிரி தொண்டையில் நின்றது. ஒன்றாம் நம்பர் பொங்கி வழிந்த இட்லி மாவுப் புளிப்பு. இரண்டாவது சப்பென்று இருந்தது, காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்கலாம். மூன்றாவதுதான் உன்னுடையதற்குக் கிட்டே வந்தது. கசப்பும் அளவு, வறுத்த கோதுமை ருசி. மூன்று என்றேன். நுனிநாக்கிலா அடிநாக்கிலா, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டார். அந்த ஒரு மணி நேரம் பழைய மனுஷராக இருந்தார். அதற்காகவே இன்னும் நாலு டம்ளர் குடித்திருப்பேன்.

போன மாதம் ஓட்டல்காரர்களைக் கூப்பிட்டு மூன்றாம் நம்பரைக் கொடுத்திருக்கிறார்கள். அங்கே பாட்டில் திறந்து கொடுத்த, இவரோடு வேலை பார்க்கும் வேம்புலிதான் வீட்டுக்கு வந்து சொன்னார். கிளாசை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோனவர்கள் எல்லோரும் அப்படியே கீழே வைத்துவிட்டார்களாம். அழுகின முட்டை நாற்றம். இவர் மட்டும் மோந்து மோந்து குடித்துக்கொண்டு, வாசனையைப் பாருங்கள் என்றாராம். முதலாளி இவரைக் கண்ணை மூடச் சொல்லி, மண்ணெண்ணெய் நனைத்த துணியை மூக்கடியில் பிடித்து, இது எது என்று கேட்டார். இவர் நன்றாக இழுத்துப் பார்த்துவிட்டு, மூணாம் நம்பர் சார் என்றாராம். "இன்னா சொல்றது அண்ணி, அல்லாரும் சிரிச்சிட்டாங்கோ. அண்ணாத்தே கண்ண தொறக்கவே இல்ல" என்று சொல்லிவிட்டு வேம்புலி அழுதார்.

எனக்கு ஏன் அந்த நாற்றம் தெரியவில்லை என்று இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். தண்ணீர் குடிக்கும்போது தெரிந்தது. நான் அண்ணாந்து குடித்தேன் அண்ணா. டம்ளரில் வாய் வைத்தால் அம்மா முதுகில் ஒன்று வைப்பாளே, அந்தப் பழக்கம். எச்சில் படாமல் உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டேன், டம்ளர் பக்கம் என் மூக்கு போகவே இல்லை. நாற்றமெல்லாம் காற்றில் போயிருக்கும். பதினோரு வருஷமாக நான் அப்படிக் குடிப்பதையே பார்த்தவருக்கும் வாய் வைத்துக் குடி என்று சொல்லத் தோன்றவில்லை. உன் மேல் தப்பில்லை என்று என்னிடம் சொல்கிறார். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இப்போது பாட்டில் கழுவுகிற இடத்தில் போட்டிருக்கிறார்கள். வால்வை மூடியவராயிற்றே என்று வீட்டுக்கு அனுப்பவில்லையாம், ரொம்பப் பெரிய மனசு. வந்ததும் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்கிறார். சாப்பாடு மண் மாதிரி இருக்கிறது என்று பாதியில் எழுந்துவிடுகிறார். டாக்டர் அவரிடம் ஆறு மாதம் போகட்டும் என்றார். என்னை மட்டும் தனியே கூப்பிட்டு, நரம்பு வெந்துவிட்டது அம்மா, இனி வராது என்றார். அதை இன்னும் அவரிடம் சொல்லவில்லை.

தினமும் காலையில் காபித்தூள் டப்பாவைத் திறந்து, மூக்கோடு வைத்துக்கொண்டு என்னைப் பார்க்கிறார். தூள் பழசுங்க, எனக்கே வாசனை வரவில்லை என்கிறேன். நேற்றுத்தான் அரைத்து வாங்கிய தூள் அண்ணா. இந்தப் பொய்யை இன்னும் எத்தனை காலைக்குச் சொல்ல முடியும்?

அதனால் கேட்கிறேன். அவர் பெயருக்கு ஒரு கடிதம் எழுது. அங்கே ஒருவருக்கு இப்படியே போய், இரண்டு வருஷம் கழித்துத் திரும்பி வந்தது என்று எழுது. ஆளின் பெயர், ஊர் எல்லாம் போட்டு எழுது. நீ சொன்னால் நம்புவார். பொய்க்கு வரும் பாவம் என்னைச் சேரட்டும், உங்கள் இருவரையும் கடவுள் நன்றாக வைக்கட்டும்.

நம்புகிற மாதிரி எழுது அண்ணா. நானும் படிப்பேன்.

உன் அன்புத் தங்கை,
கஸ்தூரி