அடுப்படியில் வைத்த பதினொரு குஞ்சுகள்

அன்புள்ள என்னங்க,

பெயர் எழுதித் தொடங்கக் கை வரவில்லை, கூப்பிடுகிற மாதிரியே எழுதிவிட்டேன். அங்கே நீங்கள் நலமா? இங்கே நலம் என்று எழுத இன்றைக்குத்தான் எனக்குத் தைரியம் வந்தது. போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் ஒன்பது சொல்வீர்கள். உங்களோடு வேலை செய்யும் எலக்ட்ரீஷியன் லீவு முடிந்து திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். வியாழக்கிழமை கோழிக் கம்பெனி சூப்பர்வைசர் உங்களைக் கூப்பிடுவார். அதற்குள் இதை முழுதும் படித்துவிடுங்கள்.

முதலில் பயப்படாதீர்கள். நம் வாலு இப்போது நன்றாக இருக்கிறாள். நேற்று கஞ்சிக் கிண்ணத்தைத் தள்ளிவிட்டு, எனக்குச் சோறுதான் வேண்டும் என்று அடம்பிடித்தாள். திட்டவேண்டியவள் நான், சிரித்துக்கொண்டு நின்றேன்.

போன மாதம் அவள் ஏன் போனுக்கு வரவில்லை என்று நாலைந்து தடவை கேட்டீர்கள். தூங்குகிறாள், குளிக்கிறாள், அத்தை வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்றேன். எல்லாம் பொய். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். உங்களிடம் சொன்னால் அந்த உயரத்தில் ஏறி வெல்டிங் வைக்கிற மனிதருக்குக் கவனம் சிதறுமே என்றுதான் மறைத்தேன். மன்னித்துக்கொள்ளுங்கள்.

எப்படி வந்தது என்று சொல்கிறேன். நம் கோழி ஷெட்டின் தூண் ஒவ்வொன்றையும் நீங்களே நிறுத்தினீர்கள். ஆனால் முதல் வண்டிக் குஞ்சு இறங்குவதற்கு முன்பே விமானம் ஏறிவிட்டீர்கள். லீவில் வந்தபோதும் வாசலோடு சரி. உள்ளே நடப்பதை நீங்கள் பார்த்ததில்லை, நானும் சொன்னதில்லை. ஒரு தடவைக்குக் கம்பெனியிலிருந்து ஐயாயிரம் குஞ்சு வரும். நாற்பது நாளில் இரண்டு கிலோவைத் தாண்டிவிடும். உடம்பு ஊதுகிற வேகத்துக்குக் கால் தாங்குவதில்லை. இரண்டாம் வாரத்திலேயே சிலவற்றுக்குக் கால் விரிந்துவிடும், தண்ணீர்க் குழாய் வரைக்கும் போக முடியாமல் பாதி வழியில் உட்கார்ந்துவிடும். மற்றவை அதன்மேல் ஏறிப் போகும். கடைசி வாரத்தில் திரும்பி நிற்கக்கூட இடமிருக்காது. ராப்பகலாக விளக்கு எரியும், தின்றுகொண்டே இருக்கவேண்டுமாம். எச்சத்தின் காட்டம் கண்ணைக் கரித்தால் நான் வெளியே ஓடிவந்து முகம் கழுவிக்கொள்வேன். அவை எங்கே ஓடும்?

நடக்க முடியாததைத் தினமும் காலையில் பொறுக்கி, கழுத்தைத் திருகிக் குழியில் போடவேண்டும். அதுதான் கம்பெனி முறை. அதுங்களுக்குப் போடுற தீனி வீண், மனசைக் கல்லாக்கிக்குங்க என்பார் சூப்பர்வைசர். ஆறு வருஷம் கல்லாக்கிக்கொண்டுதான் இருந்தேன். இந்தத் தடவை ஒருநாள் காலையில் ஒன்றின் கழுத்தில் கை வைத்தேன், அது என் விரலைக் கொத்தித் தீனி தேடியது. அவ்வளவுதான், எனக்குக் கை ஓடவில்லை. அன்றைக்குப் பொறுக்கிய பதினொன்றையும் அட்டைப்பெட்டியில் போட்டு, சூப்பர்வைசர் கண்ணில் படாமல் கொண்டுவந்து, சூடாக இருக்கட்டும் என்று அடுப்படியில் வைத்தேன்.

வாலுவைக் கேட்கவேண்டுமா? பள்ளிக்கூடம் விட்டதும் பெட்டிமுன் உட்கார்ந்துவிடுவாள். உள்ளங்கையில் தீனி வைத்து ஊட்டுவாள், அதே கையால் தானும் தின்பாள். நான் பார்க்காதபோது பாயில் விட்டுப் பக்கத்தில் படுத்துக்கொள்வாளாம். அஞ்சாறு நாளில் காய்ச்சல் வந்தது, வயிற்றால் ரத்தமாகப் போனது. பக்கத்து டாக்டர் கொடுத்த மருந்து கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி வழியாக ஏற்றினார்கள், அதுவும் கேட்கவில்லை.

அங்கே ஒரு பெண் டாக்டர், கோபக்காரி, ஆனால் நல்லவர். என்ன வேலை செய்கிறாய் என்று கேட்டார். சொன்னேன். கோழிக்குத் தண்ணீரில் கலக்கும் மருந்துப் பாட்டிலைக் கொண்டுவரச் சொன்னார். பார்த்துவிட்டு, இதே வகை மருந்தைத்தாம்மா உன் பொண்ணுக்கும் ஏத்திக்கிட்டிருந்தோம் என்றார். அந்தக் குஞ்சுலேர்ந்துதான் வந்துச்சுன்னு அடிச்சுச் சொல்லமாட்டேன், ஆனா தினமும் மருந்துத் தண்ணி ஓடுற இடத்துல அந்த மருந்துக்குச் சாகாத கிருமிதானே மிஞ்சும் என்றார். நோயில்லாத கோழிக்கு ஏன் கொடுக்கிறாய் என்றும் கேட்டார். கொடுக்காவிட்டால் அந்த நெரிசலில் செத்துப்போகும் என்று நானே பதில் சொன்னேன். சொன்ன பிறகு எனக்கே என்னவோபோல் ஆகிவிட்டது.

கடைசியில் வேறு மருந்து கேட்டது. பதினொரு குஞ்சும் அவள் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஒவ்வொன்றாகச் செத்துப்போயின. அவளிடம் இன்னும் சொல்லவில்லை.

ஷெட்டை அந்த ஒன்பது நாளும் உங்கள் அக்காதான் பார்த்துக்கொண்டார். அவர் ஒரு வார்த்தை சொன்னார், வேலியில போன ஓணானை எடுத்து மடியில விட்டுக்கிட்டியே, கழுத்தைத் திருகிப் போட்டிருந்தா ஒண்ணும் வந்திருக்காதே என்று. வார்டில் உட்கார்ந்து நானும் அதையே நினைத்து அழுதேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது. வாயில்லாத ஜீவனுக்கு இரக்கப்பட்டால் பெற்ற பிள்ளைக்கு ஆபத்து என்றால், அது என்ன பிழைப்பு?

இன்னொன்றும் உறுத்துகிறது. நம் ஷெட் கோழியை நாம் ஒருநாளாவது சமைத்திருக்கிறோமா? வீட்டுக்கென்று கொல்லையில் நாலு கோழியைத் தனியாக மேயவிட்டோம், விருந்தாளி வந்தாலும் அதைத்தான் அடித்தோம். லாரியில் ஏற்றியதெல்லாம் யார் யார் பிள்ளைகளோ தின்றார்கள். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள். நான் ஊரான் பிள்ளைக்கு ஊட்டியது இதைத்தான். அதையும் ஒரு சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், வெட்கமாக இருக்கிறது. இப்போது எனக்குக் கறியே இறங்கவில்லை. உங்களைப் பட்டினி போடமாட்டேன், ஷெட்டில் வளர்ந்ததை மட்டும் சமைக்கமாட்டேன். அதற்குள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதீர்கள்.

போன வாரம் கடைசி லாரியும் போய்விட்டது. அடுத்த குஞ்சு வேண்டாம் என்று சூப்பர்வைசரிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ஷெட்டு சார் பேர்லதானே இருக்கு, சார் சொல்லட்டும், நிறுத்திடலாம் என்றார். வியாழக்கிழமை அதற்குத்தான் உங்களைக் கூப்பிடுகிறார். நீங்கள் சரி என்றால் வெள்ளிக்கிழமை குஞ்சு இறங்கிவிடும்.

இரண்டாவது ஷெட் போடவேண்டும் என்றுதான் நீங்கள் அந்த வெயிலில் நிற்கிறீர்கள், எனக்குத் தெரியாதா? உங்கள் ஆசையில் மண்ணைப் போடுகிறேன்தான். கடைவீதி ஹார்டுவேர்க்காரர் சரக்கு வைக்க ஷெட்டை வாடகைக்குக் கேட்கிறார். முன்பு மாதிரி தையலும் தைப்பேன். சமாளிப்போம். திட்டவேண்டும் என்றால் ஊருக்கு வந்து எதிரே உட்கார்ந்து திட்டுங்கள், வாயைத் திறக்காமல் கேட்டுக்கொள்கிறேன்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். நீங்கள் நோய்நொடி இல்லாமல் நூறு வயது இருக்கவேண்டும்.

ஒவ்வொரு வண்டி வரும்போதும் உங்கள் பெயருக்கு எதிரே நான்தான் கையெழுத்துப் போட்டேன். ஆஸ்பத்திரியில் ஐந்தாம் நாள், எது நடந்தாலும் சம்மதம் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அதிலும் நான் ஒருத்திதான் போட்டேன். இந்த ஒரு ‘வேண்டாம்’ மட்டும் நீங்கள் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
வாலுவின் அம்மா