இந்த இடத்தில் அழவும்

பிறை 9, வெள்ளி. கச்சான் காற்று. கூட்டக் கூட்ட ஹோலுக்குள் மணல்.

அஸர் தொழுதுவிட்டு ரி.வி. முன்னால் இருந்தவர்கள்: நான். மகள் சுமையா. தம்பி றிபாய். அவன் பெண்சாதி பரீனா. பின்வளவு கதீஜா மாமி. வேறு ஒருவரும் இல்லை. இவர் கொழும்பில், ரி.வி.க்குள்.

இவர் முதல் நாள் கருத்துச் சொல்லப் போகிற நிகழ்ச்சி. இத்தனை வருசமும் கட்சித் தலைவருக்குப் பேச்சு, நோட்டீஸ், லவுட்ஸ்பீக்கர் வசனம் எல்லாம் எழுதியவர். போன தேர்தலோடு முறிந்தது. இப்போது வெளியில் இருந்து அலசுகிற வேலை. நேரலை.

நான் அயன் பண்ணி அனுப்பிய சேட். கொலர் நன்றாக நின்றது, அல்ஹம்துலில்லாஹ்.

"மச்சான் வெள்ளையா இரிக்காருகா. பவுடர் அடிச்சிரிக்கானுகள்" என்றாள் பரீனா. எல்லோரும் சிரித்தோம். வட்டலப்பம் வெட்டி வைத்திருந்தேன்.

நடத்துகிறவர் கேட்டார், தேர்தல் மேடைகளில் நாங்கள் பார்ப்பதெல்லாம் உண்மையா என்று. இவர் கதிரையில் சாய்ந்தார். நல்ல கதை சொல்லப் போகும்போது அப்படித்தான் சாய்வார்.

"கடலுக்குப் போன ஒரு பொடியன் திரும்பி வரல்ல. அந்த வீட்டு வாசல்ல தலைவர் அழுதது ஞாபகமா? அந்தப் பேச்சு நான் எழுதினது. பக்கத்துல அடைப்புக்குறிக்குள்ள, இந்த இடத்தில் அழவும், எண்டு போட்டுக் குடுத்தன். கார்ல வெச்சிப் பழகினார். வரல்ல. கடைசில கண் துடைக்கிற கைலேஞ்சில தைலம் பூசிக் குடுத்தன்."

நடத்துகிறவர் மேசையில் தட்டிச் சிரித்தார்.

அந்தப் பொடியன் கதீஜா மாமியின் மகன். அடக்க மையித்தும் கிடைக்கவில்லை. தலைவர் அன்று மாமியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார், ஊர் அழுதது. மைக் வயரைப் பிடித்துக்கொண்டு நின்ற றிபாயும் அழுதான். அவன் இன்றும் தலைவருடைய ஆள்.

மாமி என்னைப் பார்த்து மெதுவாக: "அப்ப என்ட கையப் புடிச்சிக்கிட்டு அவன் அழுதது தைலமா புள்ள?"

சத்தத்தைக் குறைக்க ரிமோட்டைத் தேடினேன்.

றிபாய் எழும்பினான். கதிரையைத் தூக்கி ரி.வி.யில் அடித்தான். இவருடைய முகம் நடுவால் கிழிந்தது. வாய் மட்டும் கொஞ்ச நேரம் அசைந்துகொண்டே இருந்தது. இன்னொரு அடி. அதுவும் நின்றது.

"ராத்தா, உங்கட மனிசன் ஊருட மூஞ்சில துப்பிட்டான்."

இவரை அவன் மரியாதை விட்டுக் கதைத்தது இதுதான் முதல் தடவை.

எல்லோரும் போய்விட்டார்கள். கண்ணாடி பொறுக்கினேன். வட்டலப்பம் தொட ஆளில்லை. இவர் போன் எடுத்தார்.

"எப்பிடி இரிந்திச்சி?"

"ரி.வி. உடஞ்சிட்டு."

"அவ்வளவு நல்லாவா?" சிரிப்பு.

பிறை 10, சனி. காற்று அப்படியே.

லுஹர் முடிந்து பள்ளி கலைகிற நேரம். சோறு வடித்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிள் சத்தம். எட்டிப் பார்த்தால் கேற்றைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். ஹெல்மெட் கழற்றவில்லை. கையில் பொல்லு.

சுமையாவுக்கு மேலே அறை கட்ட வளவுக்குள் செங்கல் அடுக்கி வைத்திருந்தது. அதையே எடுத்து எறிந்தார்கள். எங்கள் கல், எங்கள் வீட்டுக்கு.

"எழுதின கைய வெட்டுங்கடா!"

"அவன் இல்லடா, கொழும்புல!"

"அப்ப வீட்ட வெட்டுங்க!"

சு. யன்னலை மூடப் போனாள். பாதிச் செங்கல் ஒன்று கண்ணாடியோடு உள்ளே வந்து புருவத்துக்கு மேலே. சத்தம் போடவில்லை பிள்ளை. இருந்துவிட்டாள், அவ்வளவுதான். இரத்தம் மூக்கால் வழிந்து தாவணிக்குள் போனது.

ஒருவன் குசினி வாசல் வரை வந்தான். கஞ்சிப் பானை அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்தது. தூக்கி முழங்காலில் ஊற்றினேன். அவன் அலறினதில் எனக்குச் சந்தோசம் வந்தது. அஸ்தஃபிருல்லாஹ். ஆனாலும் வந்தது. இன்னொரு பானை இருந்திருந்தால் அதையும் ஊற்றியிருப்பேன்.

கொட்டிலுக்கு நெருப்பு வைத்துவிட்டுப் போனார்கள். பெற்றோல் மணம் இன்னும் தொண்டைக்குள்.

போகும்போது கேற்றடியில் ஒரு குரல். "போதும் டா, புள்ளைக்குப் பட்டிட்டு, போதும்!" ஹெல்மெட்டுக்குள் இருந்து வந்தது. அந்தக் குரலைத் தூக்கத்தில் கேட்டாலும் எனக்குத் தெரியும். நான் தூக்கி வளர்த்த குரல்.

சேதம்:
முன் யன்னல் கண்ணாடி எல்லாம்.
ஓடு, கிழக்குப் பக்கம் ஒரு வரிசை.
இவருடைய மோட்டார் சைக்கிள், எரிந்தது.
சு.வின் அறைக்கு வாங்கி வைத்த கதவு நிலை, எரிந்தது.
மருதமுனைத் திரைச்சீலை, இரத்தம். ஊற வைத்தேன், போகவில்லை.
முன் சுவரில் கறுப்புப் பெயின்ற்: துரோகி.
சு. நெற்றி.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். கொஞ்சம் கீழே பட்டிருந்தால் கண் போயிருக்குமாம். அல்லாஹ் காப்பாற்றினான்.

வழி முழுக்க ஆட்டோவில் பிள்ளை கேட்டது ஒன்றுதான்: "உம்மா, என்ட கலியாணத்துக்குள்ள இது மாறுமா?"

பிறை 11, ஞாயிறு. காலையில் பொலிஸ்.

"ஆரெண்டு தெரியுமா?"

"ஹெல்மெட் போட்டிரிந்தானுகள்."

"குரல்?"

"காத்து."

பொய் சொல்லவில்லை. காற்றும் இருந்தது. ஆனால் லுஹரில் ஸுஜூதில் நிலத்தில் வைத்த நெற்றியை எடுக்க நேரமெடுத்தது.

அஸருக்கு முதல் றிபாய் வந்தான். தலையில் தொப்பி. கையில் யன்னல் கண்ணாடிகள், அவற்றை ஒட்டுகிற புட்டி, சின்ன ஆணி. யன்னலடியில் வைத்தான்.

இந்த வீடு உம்மா எனக்குச் சீதனமாகத் தந்தது. காணி உம்மாவுடையது, சுவர் இவனுடையது. ராத்தாவுக்கு வீடு கட்டாமல் தான் கலியாணம் முடிப்பதில்லை என்று கட்டாருக்குப் போய், வெயிலில் முதுகு உரிந்து உழைத்த காசு. இவர் மாப்பிள்ளையாக ஒரு சூட்கேசோடு வந்து ஏறினார், எங்கள் பக்கத்து வழக்கப்படி. நாளைக்கு சு.வின் மாப்பிள்ளையும் இப்படித்தான் வந்து ஏற வேண்டும்.

அடுப்படியில் கிடந்த விறகுக் கட்டையை எடுத்தேன். முதல் அடி தோளில். இரண்டாவது முதுகில். பிறகு எங்கே விழுந்தது என்று பார்க்கவில்லை. அவன் கையைத் தூக்கவில்லை. தொப்பி விழுந்தது. குனிந்து எடுத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் நின்றான்.

"நீ கட்டின வீடுடா!"

"ஓம் ராத்தா."

"உன்ட மருமகள்டா!"

"ஓம்."

"நீ எறிஞ்சியா?"

"ஓட்டுக்கு எறிஞ்சன். புள்ளைக்கு எறியல்ல. அல்லாஹ்மேல சத்தியம், அது என்ட கையால வரல்ல."

"ஓட்டுக்கு எறிஞ்சியாம்! ஓடு உன்ட கட்டார்க் காசெண்டு திருப்பி எடுக்க வந்தியா?"

கட்டை முறிந்துவிட்டது. அவனுக்குக் காதடியில் இரத்தம். நிலத்தில் இருந்து அழுதான், சின்னப் பிள்ளை மாதிரி. "ராத்தா, அண்டைக்கு நான் உண்மையாத்தான் அழுதன். என்னையும் கூத்தாடியாக்கிட்டாரே மச்சான்."

பிறகு எழும்பிக் கண்ணாடி பூட்டினான். மஃரிப் பாங்கு சொல்லும் வரை. பிளேன்டி கொடுத்தேன், கையில் கொடுக்கவில்லை, யன்னல் விளிம்பில் வைத்தேன். குடித்துவிட்டுப் போனான்.

பிறை 12, திங்கள். வெயில்.

மாப்பிள்ளையின் உம்மா வந்தா. கூடவே எங்கள் குடி மரைக்கார், பள்ளியில் எங்கள் குடிக்காகப் பேசுகிறவர். நிகாஹ் வாற வெள்ளி இல்லை, அதற்கடுத்த வெள்ளி. நெற்றியைப் பார்த்து அழுதா. நல்ல மனுசி, அழுகை உண்மை. இப்போதெல்லாம் ஆர் அழுதாலும் முதலில் கைலேஞ்சியைப் பார்க்கிறேன். இதையும் இவர்தான் பழக்கிவிட்டார்.

"மகனக் குடுக்கிற வீடு இது. கல்லு விழுற வீட்டுக்குள்ள எப்பிடிகா அனுப்பிற? நான் வேணாமெண்டு சொல்லல்ல. உங்கட மனிசன் என்ன செய்யப் போறாரெண்டு தெரியட்டும்."

மரைக்கார் நேராகச் சொன்னார். "அவர் சொன்னது பொய்யெண்டு ரி.வி.ல சொல்லத் தேவல்ல. தலைவர்ட ஆக்கள் அதத்தான் கேக்கிறானுகள், அத விடுங்க. இவர் ஊருக்கு வந்து, கதீஜா மாமிட வாசல்ல நிண்டு, மாமிட்ட மாப்புக் கேக்கட்டும். வாற வெள்ளி நிகழ்ச்சிக்கு முதல். மத்தத நானும் பள்ளியும் பாத்துக்கிறம். அதுக்குப் பிறகும் கல் எறியிறவன் ஆரெண்டு நான் பாக்கிறன்."

இவருக்குப் போன் எடுத்தேன். தையல் பற்றிக் கேட்டார், கேட்கவில்லை என்று சொல்லக் கூடாது. குரலும் தழுதழுத்தது. அதற்குப் பிறகு:

"கேளுங்க. வெள்ளிக்கிழம முழு நிகழ்ச்சியும் நம்மட வீடு பத்தித்தான். அவங்களே கேட்டிரிக்காங்க. இது நல்லாப் போனா நிரந்தரமா எடுப்பாங்க. நீங்க போன்ல ஒரு வீடியோ எடுத்து அனுப்பினாப் போதும். என்ன கதைக்கிறதெண்டு நான் எழுதி அனுப்புறன்."

"மாமிட வாசலுக்கு வாறீங்களா?"

"அது பிறகு பாப்பம்."

பிறை 13, செவ்வாய்.

எழுதி அனுப்பிவிட்டார். அப்படியே பிரதி பண்ணுகிறேன்.

"நான் ஒரு சாதாரண குடும்பப் பெண். (தலையைக் குனியவும்.) என் கணவர் செய்த ஒரே குற்றம் உண்மை பேசியது. (நிறுத்தம்.) என் வீட்டின் ஒவ்வொரு கல்லும் இன்று என்னைப் பார்த்துக் கேட்கிறது. (யன்னலைக் காட்டவும். புதுக் கண்ணாடி போட்டிருந்தால் வேறு உடைந்த இடம்.) என் மகள் மணக்கோலம் காண வேண்டிய முகம் இது. (மகளைக் காட்டவும். கட்டு அவிழ்த்திருந்தால் நல்லது. இந்த இடத்தில் அழவும்.)"

நன்றாகத்தான் எழுதியிருக்கிறார். படிக்கும்போது அந்த இடத்தில் எனக்கே அழுகை வந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

சு. போனை வாங்கிப் படித்தாள். ஒரு கண் வீங்கி மூடியிருக்கிறது, மற்றக் கண்ணால். பிறகு:

"உம்மா, எனக்கு எந்த இடத்துல அழச் சொல்லியிரிக்கி வாப்பா? எனக்கு ஒண்டும் எழுதல்லியே."

சிரிக்கப் பார்த்தாள். தையல் இழுத்தது.

பின்பக்கம் போய்க் கோடரியை எடுத்துவந்தேன். இவர் எழுதுகிற மேசை முதிரைப் பலகை, இலேசில் பிளக்காது. பின்பக்கம் இழுத்துப்போய்ப் பிளந்தேன். லாச்சி, கால், மேல்பலகை. பழைய நோட்டீஸ்கள் பறந்தன, தலைவர் எல்லாவற்றிலும் கை கூப்பிக்கொண்டு. கோடரி கை வழுக்கிப் பெருவிரலில் பட்டது. நகம் பாதி போனது. நோகவில்லை. கதீஜா மாமி வேலிக்கு அங்கால் நின்று, "போதும் புள்ள, கால்ல வெட்டிக்குவாய்" என்று சொல்லச் சொல்லக் கொத்தினேன்.

மாமி வந்து என் கையிலிருந்து கோடரியை வாங்கினா. விரலைக் கட்டினா. சு.வுக்கு எண்ணெய் காய்ச்சிக் கொண்டுவந்திருந்தா, தழும்பு மாற. அவவின் மகனைத்தானே இவர் கதையாக்கினது. ஒரு குத்தல் பேச்சு இல்லை.

போகும்போது: "அவர் வருவாரா?" அவ்வளவுதான் கேட்டா.

சேதக் கணக்கில் சேர்க்க: மேசை (நான்).

பிறை 14, புதன். காற்று விழுந்துவிட்டது. சுபஹ் தொழுது, குர்ஆன் ஓதி, பிறகு இவருக்கு அனுப்பியது. இங்கேயும் எழுதி வைக்கிறேன், சொன்னேனா இல்லையா என்று பிறகு எனக்குள் சந்தேகம் வரக் கூடாது.

"அஸ்ஸலாமு அலைக்கும். நீங்க எழுதினத நான் படிக்க மாட்டன். வீடியோ எடுக்க மாட்டன். புள்ளட கட்ட அவிழ்க்க மாட்டன். கமராவோட ஆரும் வந்தா கேற்றடியில நான் நிப்பன், அடுப்புல கஞ்சி இரிக்கும்.

நீங்க ரி.வி.ல சொன்னது உண்மை. அத மாத்திச் சொல்லுங்க எண்டு நான் கேக்கல்ல, கேக்கவும் மாட்டன். ஆனா அந்த உண்மைய முதல் கேக்க வேண்டியது மாமி. வேலிக்கு அங்காலதான் இரிந்தா. அவட்டச் சொல்லாம ஊருக்குச் சொல்லிச் சிரிச்சீங்க.

உங்கட மேசைய நான் உடைச்சிட்டன். றிபாய்ட தோள நான் உடைக்கப் பாத்தன். கோவம் இன்னும் இரிக்கி.

சுமையாவ நிகாஹ்வுல புடிச்சிக் குடுக்கிற வலிகாரர் நீங்க. வீடு என்ட. நாளைக்குப் பின்னேரம் பஸ் ஏறினா வெள்ளி சுபஹுக்குக் கல்முனைல இறங்கலாம். ஜும்ஆக்கு முதல் மாமிட வாசலுக்கு நான் உங்களோட வாறன், பக்கத்துல நிப்பன். வரல்லாட்டி கொழும்புல உங்கட நிகழ்ச்சியச் செய்யிங்க, உங்கட சூட்கேச நான் தம்பிக்கிட்ட குடுத்து அனுப்புறன்.

வாறீங்களா, இல்லியா? அடைப்புக்குறி ஒண்டும் போடாம எழுதுங்க. மாப்பிள்ளட உம்மா கேட்டுக்கிட்டு இரிக்கா. கெதியா பதில் சொல்லுங்க."