பட்டன் போடத் தெரியாத தையல்காரி மகள்

அனுப்புநர்:
பள்ளிச் சீருடை தைக்கும் பெண்,
சலவைக் கடைக்கு மேல்மாடி.

பெறுநர்:
மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர் அவர்கள்.

பொருள்: என் தவறுக்காக என் மகளைப் பயிற்சி வகுப்பிலிருந்து நீக்கியதை ரத்து செய்யக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. டவுன் சிண்ட்ரோமுடன் பிறந்த என் ஆறு வயது மகளை, அவள் போடும் சத்தத்துக்காக வீட்டில் டமாரம் என்று கூப்பிடுவோம். சென்ற வாரத் தேர்வில் அவளால் சட்டைப் பட்டனைப் போட முடியவில்லை. "பயிற்சியால் பயனில்லை" என்று எழுதி, தங்கள் பயிற்சி மையம், தன் வேலையைத் தானே செய்யப் பழக்கும் வகுப்பிலிருந்து அவளை நீக்கிவிட்டது. ஒரே தேர்வில் இப்படி முடிவு கட்டியது முறையல்ல என்பது என் புகார். ஆனால் அவளை இந்த நிலையில் கொண்டுபோய் நிறுத்தியது நான்தான்.

2. பிள்ளை சிரமப்படக் கூடாதென்று அவள் உடுப்பு முழுவதையும் எலாஸ்டிக் வைத்தே தைத்தேன். ஊர்ப் பிள்ளைகளின் சட்டைக்கெல்லாம் பட்டன் தைக்கும் எனக்கு, அவள் கையில் ஒன்றைக் கொடுக்கத் தோன்றவில்லை. சோறு ஊட்டுவது நான், செருப்பு மாட்டிவிடுவது அவள் அப்பா, யாராவது அவள் பெயரைக் கேட்டால் முந்திக்கொண்டு சொல்வது அண்ணன். "வீட்டுல அவளையே செய்ய விடுங்கம்மா, நேரமானா ஆகட்டும்" என்று வகுப்பு ஆசிரியை தலைப்பாடாக அடித்துக்கொண்டார். "பெத்தவளுக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

3. நேற்று, தைத்து மாட்டியிருந்த சட்டை ஒன்றை மடியில் போட்டுக்கொண்டு பட்டனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். ஒன்றைப் போட்டும்விட்டாள்; பட்டன் நுழையும் காஜா மட்டும் மாறியிருந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா ஐயா? சட்டையைப் பிடுங்கி, அவள் போட்டதைக் கழற்றி, சரியான காஜாவில் மாட்டினேன். "நானு! நானு!" என்று என் கையைத் தட்டிவிட்டு அழுதாள். பாவி எனக்கு அப்போதுதான் உறைத்தது.

4. இப்போது அவளுக்கென்று பெரிய பட்டன் வைத்த சட்டை தைத்திருக்கிறேன். தயவுசெய்து மறுதேர்வு வையுங்கள். அதுவரை வகுப்பில் உட்கார அனுமதியுங்கள். நான் செய்ததற்கு அவள் வீட்டில் முடங்கிக் கிடக்கக் கூடாது.

தேர்வின்போது என்னை வெளியே நிறுத்திவிட்டுக் கதவைத் தாழிட்டுவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். உள்ளே இருந்தால் என் கை சும்மா இராது.

இடம்: தையல் கடை
நாள்: திங்கட்கிழமை

தங்கள் பதிலுக்கு வாசலைப் பார்த்திருக்கும்,
(கையொப்பம்)
டமாரத்தின் அம்மா