வரிக்குதிரை அனுப்பிய ஆறு வரிகள்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. நீ நலமாக இருக்கிறாய் என்று அம்மா சொல்லித் தெரிந்துகொள்கிறேன். இங்கே நாங்கள் நலம். லிஃப்ட் பழுதாகி ஒன்பது நாள் ஆகிறது. நான்கு மாடி ஏறி இறங்கியதில் முழங்கால் வலி குறைந்திருக்கிறது என்று உன் அம்மா லிஃப்ட் மெக்கானிக்கிடமே சொல்லிவிட்டாள். இனி அவர் வந்த மாதிரிதான். எனக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியாயிற்று. இரண்டு நாள் பேச முடியவில்லை, வீடு நிம்மதியாக இருந்தது என்று அதற்கும் ஒரு கேலி.

கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். மெயிலில் எழுத உட்கார்ந்தால் என் விரல்கள் தாமாகவே கெட்டிக்காரத்தனம் காட்ட ஆரம்பித்துவிடுகின்றன. அந்தக் கெட்டிக்காரத்தனத்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. இது நான்காவது தாள். மூன்றைக் கிழித்துவிட்டேன்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் சர்வர் நின்றுபோனது. அங்கே ஓடுவது எங்கள் கெர்னல்தான் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் அணைத்து மறுபடி ஏற்றியிருந்தார்கள். நடுவில் முப்பத்தெட்டு நிமிடம் அந்த அறையில் இருந்த நான்கு பேர் காகிதத்தில் முகவரி எழுதி, சொந்த போனில் டிரைவர்களைக் கூப்பிட்டு வண்டி அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் காகிதங்கள் மேஜையில் கிடந்தன. ஒன்றில் கதவு எண் அடித்து அடித்து மூன்று முறை திருத்தப்பட்டிருந்தது.

சர்வரின் பதிவைப் பார்த்தேன். நினைவகம் பாதிக்கு மேல் காலி. ஆனால் எந்த ப்ரோக்ராம் இடம் கேட்டாலும் இல்லை என்று கெர்னல் திருப்பி அனுப்பியிருக்கிறது. போன் எடுக்கும் அம்மா ஒருவர், ஐம்பது வயதிருக்கும், என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என்ன ஆச்சு சார், எங்களுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க என்றார். சொன்னேன். உனக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் அவரிடம் சொன்ன மாதிரியே உனக்கும் சொல்கிறேன். இத்தனை வருடத்தில் அதை நான் ஒருவருக்குப் பொறுமையாகச் சொன்னது அதுவே முதல் தடவை.

கெர்னல் என்பது எல்லா ப்ரோக்ராம்களுக்கும் நினைவகத்தில் இடம் பங்கிட்டுத் தரும் அடிப்படை மென்பொருள். ஒரு ப்ரோக்ராம் இடம் கேட்டால் அது உடனே எடுத்துக் கொடுப்பதில்லை. தருகிறேன் என்று வாக்கு மட்டும் கொடுக்கிறது. கொடுத்த வாக்குகளின் கூட்டுத்தொகையை ஓரிடத்தில் வைத்திருக்கிறது. அது எல்லையைத் தொட்டால் அடுத்து வருபவருக்கு இல்லை. படிக்க மட்டும் அனுமதி உள்ள பக்கங்களை, அதாவது நினைவகத் துண்டுகளை, இதில் சேர்ப்பதில்லை, ஒரே பிரதியை எல்லோரும் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஒரு ப்ரோக்ராம் வந்து, எனக்கு இதில் எழுதவும் அனுமதி வேண்டும் என்று கேட்டால், ஒவ்வொரு பக்கத்துக்கும் அதற்கென்று தனிப் பிரதி தேவைப்படலாம். அதனால் அனுமதியை மாற்றுவதற்கு முன்பே அத்தனை பக்கங்களையும் வாக்கில் சேர்த்துவிடுகிறோம். அந்த மாற்றம் பாதியில் தோற்றுப்போனால், சேர்த்ததைக் கழித்துவிட வேண்டும். கழிக்காவிட்டால் யாருக்கும் கொடுக்காத வாக்கு கணக்கிலேயே தங்கிவிடும்.

அங்கே அழைப்புகளைப் பதிவு செய்யும் ப்ரோக்ராம் ஒரு நாளில் ஆயிரம் தடவை அனுமதி மாற்றக் கேட்கிறது. சில தடவை தோற்கிறது. நான்கு மாதம் அணைக்காமல் ஓடியதில் இல்லாத வாக்குகள் எல்லை வரை ஏறிவிட்டன.

அந்த அம்மா கேட்டார்: "அப்போ இடம் சும்மா கிடக்கு, ஆனா இல்லைன்னு சொல்லிடுச்சா? யார் சார் இப்படி எழுதினது?"

பாப்பா, அதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அந்தப் பகுதியின் ஒவ்வொரு வரியும் நான் எழுதியது. நான் சொன்னேன், "அது ரொம்ப பழைய கோடும்மா, யாரோ எப்பவோ எழுதினது." அவர் விடவில்லை. "முன்னாடியே யாரும் பார்த்துச் சொல்லலையா?" என்றார். இல்லை என்றேன். முதல் பதில் பொய். இரண்டாவதும் பொய் என்று அப்போது எனக்கே தெரியாது.

கிளம்பும்போது அவர் இன்னொன்றும் சொன்னார். அந்த முப்பத்தெட்டு நிமிடத்தில் ஒரு வண்டி தவறான தெருவுக்குப் போய்விட்டது. காத்திருந்தவர் ஒரு தையல்காரர், பக்கவாதம். ஆள் பிழைத்துவிட்டார். வலது கை இன்னும் எழும்பவில்லை. சீக்கிரம் வந்திருந்தால் சரியாகியிருக்குமா என்று கேட்டதற்கு டாக்டர், சொல்ல முடியாது என்றிருக்கிறார். நானும் அந்த இரண்டு சொல்லைத்தான் மாற்றி மாற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

அலுவலகத்துக்குத் திரும்பி, பிழையைத் திருத்துவதற்கு முன் வழக்கமாகச் செய்வதைச் செய்தேன். இதைப் பற்றி இதற்கு முன் யாராவது எழுதியிருக்கிறார்களா என்று எங்கள் கெர்னலில் வேலை செய்பவர்களின் மெயில் பட்டியலில் பழைய கடிதங்களைத் தேடினேன். ஒன்றே ஒன்று வந்தது. பதினான்கு மாதத்துக்கு முந்தியது. அனுப்பியவர் பெயர் வரிக்குதிரை.

ஆறு வரித் திருத்தம். அதற்கு மேலே ஒரு கேள்வி, மிக மரியாதையாக: அனுமதி மாற்றம் பாதியில் தோற்கும்போது, முன்பே சேர்த்த பக்கங்களை இந்த வழியில் யாரும் கழிப்பதாகத் தெரியவில்லை, நான் தவறாகப் புரிந்துகொண்டிருந்தால் தயவுசெய்து விளக்குங்கள். கீழே, ஓட்டிப் பார்க்க ஒரு சின்ன சோதனை.

நான் எழுதிய பதிலும் இருந்தது. கூட்டவே தெரியாதவர் கழிக்கச் சொல்லித் தர வேண்டாம். இந்தக் கோடு உங்களுக்கு முன்பே பிறந்தது, உங்களுக்குப் பின்னும் இருக்கும். அவ்வளவுதான். அந்தப் பட்டியலில் இருக்கும் இரண்டாயிரம் பேர் படித்தார்கள். நான்கைந்து பேர் சிரிப்புக் குறி போட்டிருந்தார்கள். வரிக்குதிரை இன்னொரு முறை எழுதி, சோதனையை மட்டுமாவது ஓட்டிப் பாருங்கள் என்று கேட்டிருக்கிறார். அதற்கு நான் பதிலே போடவில்லை.

அன்றைக்குத்தான் முதல் முறையாக அந்தச் சோதனையை ஓட்டினேன். பதினோரு நிமிடத்தில் என் மெஷினும் இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. பாதிக்கு மேல் காலியாக இருந்தது.

திருத்தத்தை அன்றே சேர்த்தேன், ஒரு எழுத்தும் மாற்றாமல். மாற்ற ஒன்றும் இல்லை. இதை முன்பே அனுப்பியவரை அவமானப்படுத்தித் திருப்பி அனுப்பியவன் நான் என்று அதே இரண்டாயிரம் பேருக்கும் எழுதினேன். வரிக்குதிரைக்குத் தனியாக மன்னிப்புக் கேட்டு எழுதியது திரும்பி வந்தது. அந்த முகவரியே இப்போது இல்லையாம்.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். துணி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "யாருக்கு எழுதினீங்கன்னு நிஜமாவே உங்களுக்குத் தெரியாதா?" என்றாள். தெரியாது என்றேன். "எட்டாம் வகுப்பு நோட்டு முழுக்க வரிக்குதிரையா வரைஞ்சு வெச்சிருப்பாளே. ஒரு நோட்டாவது பிரிச்சுப் பார்த்திருக்கீங்களா?"

அவள் மடித்த துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

உன் பெயரில் அனுப்பினால் என் மகள் என்று தெரிந்து ஏற்றுக்கொள்வார்கள், அல்லது அதற்காகவே சந்தேகப்படுவார்கள் என்று நீ பயந்தாயாம். யாரோ ஒருத்தியாக வந்து, நான் நன்றாக இருக்கிறது என்று சொன்ன பிறகு, அப்பா அது நான்தான் என்று சொல்லலாம் என்றிருந்தாயாம். மூன்று மாதம் லீவு நாளெல்லாம் உட்கார்ந்து அந்த ஆறு வரியை எழுதினாயாம். எல்லாம் அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. உன்னிடம் சத்தியம் செய்து கொடுத்ததால் சொல்லவில்லையாம்.

இதோடு முடிந்திருந்தால்கூட இந்தக் கடிதத்தை இவ்வளவு தயங்கி எழுதியிருக்கமாட்டேன். பதினான்கு மாதத்துக்கு முன், வரிக்குதிரைக்கு அந்தப் பதிலை எழுதிய வார ஞாயிற்றுக்கிழமை, நீ அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாய். நான் போனை வாங்கி, இந்த வாரம் ஒரு முட்டாள் எனக்குக் கணக்குச் சொல்லித் தர வந்தான், நான் என்ன எழுதினேன் தெரியுமா என்று அதை உனக்கே படித்துக் காட்டினேன். இரண்டு தடவை படித்தேன், நீ சிரிக்கவில்லையே என்று. அப்புறம், "ம்... நல்லா இருக்குப்பா" என்றாய்.

அதை நினைக்கும்போது எங்கே இருந்தாலும் எழுந்து நின்றுவிடுகிறேன். பஸ்ஸில்கூட. அடுத்த மாதமே நீ பார்த்துக்கொண்டிருந்த கெர்னல் வேலையை விட்டுவிட்டு, ஏதோ கடைகளுக்கு விளம்பரப் பக்கம் செய்து தரும் கம்பெனிக்குப் போனாய். உனக்குப் பொறுமை பத்தவில்லை, கெர்னல் எல்லோருக்கும் வராது என்று சொந்தக்காரர்களிடம் நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

யாரோ ஒருத்தியாக இருந்திருந்தால் பரவாயில்லையா என்று உன் அம்மா நேற்று கேட்டாள். நியாயமான கேள்வி. பழைய கடிதங்களை வரிசையாகப் படித்துக்கொண்டு வருகிறேன். என் பதிலுக்குப் பிறகு மறுபடி எழுதாமலே போனவர்கள் இதுவரை முப்பத்தொரு பேர். முகவரி கிடைத்தவர்களுக்கு எழுதுகிறேன். இருவர் பதில் போட்டார்கள். ஒருவர், நீங்கள் யார் என்று ஞாபகமில்லை என்று எழுதியிருந்தார். அதுவே பெரிய கருணையாகப் பட்டது.

கட்டுப்பாட்டு அறைக்கும் மறுபடி போனேன். அந்த அம்மாவிடம், எழுதினது நான்தான், முன்னாடியே ஒருத்தர் பார்த்துச் சொன்னாங்க, நான் கேட்கலை என்று சொன்னேன். அவர் ஹெட்போனைக் கழற்றாமலே என்னைப் பார்த்தார். "சொன்னவங்க கிட்ட போய்ச் சொல்லுங்க சார்" என்றார். அதற்குள் ஓர் அழைப்பு வந்துவிட்டது. தையல்காரர் வீட்டு விலாசம் வாங்கி வைத்திருக்கிறேன். இன்னும் போகவில்லை. இந்தச் சனிக்கிழமை போவேன். அங்கே என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆனால் யாரோ எழுதியது என்று சொல்லமாட்டேன்.

மன்னிக்கச் சொல்லி எழுத உட்கார்ந்தேன். அதைக் கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை, அதனால் வேறொன்று கேட்கிறேன். இதே பிழையின் தம்பி ஒன்று பக்கத்து ஃபைலில் ஒளிந்திருப்பதாகச் சந்தேகப்படுகிறேன். ஒரு திருத்தம் எழுதியிருக்கிறேன், பத்து வரி. அச்செடுத்து இதோடு வைத்திருக்கிறேன். ஏழாவது வரியில் எனக்கே நம்பிக்கை இல்லை. உனக்கு நேரமும் மனமும் இருந்தால் பார்த்துச் சொல். தப்பு என்றால் தப்பு என்று அந்த இரண்டாயிரம் பேர் முன்னால் எழுது, எந்தப் பெயரில் வேண்டுமானாலும். என்ன வார்த்தை வேண்டுமானாலும் போட்டுக்கொள். நீ பார்க்காமல் அதை நான் அனுப்பப் போவதில்லை. பார்க்க மனமில்லை என்றால் அதையும் ஒரு வரியில் சொல்லிவிடு, வேறு ஒருவரிடம் கேட்டுக்கொள்கிறேன். அதற்காக உன்னைக் குறை நினைக்கமாட்டேன்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ கேட்ட கேள்வி சரியான கேள்வி, கண்ணு. அதை நீ கேட்ட விதமும் சரியாக இருந்தது. நீ எங்கே எதைச் செய்தாலும், நீ சொல்வதைக் கேட்கத் தெரிந்தவர்கள் நடுவில் இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
படித்துப் பார்க்காத
உன் அப்பா