ஒரு பிடி கொழுந்து

வட்டகொடை,
17.06.1962, ஞாயிறு.

அன்புள்ள றோசலினுக்கு,

ஆண்டவர் தயவால் நான் நலமே. 9ஆம் திகதி நீ எழுதிய முழங்கால் வீக்கம் வடிந்ததா?

நம் மகன் லோரன்ஸுக்கு எங்கள் தேயிலைத் தொழிற்சாலையில் எனக்குக் கீழே உதவி டீமேக்கர் வேலை கிடைக்கவில்லை. கவலைப்படாதே. வியாழன் 14ஆம் திகதி, தேயிலை வர்த்தகம் பற்றி அவன் அறுபது பக்கம் எழுதிப் பெற்ற பல்கலைக்கழகப் பட்டத்தைத் தோட்டத்துத் துரை மரியாதையாகவே பார்த்தார். பிறகு மாடியில் வாட வைத்திருந்த கொழுந்தைக் காட்டி, அரைக்கப் போடலாமா என்று கேட்டார். ஒரு பிடி அள்ளி இறுக்கினால் உருண்டையாக நிற்கவேண்டும், அதுவே பதம். நம் பிள்ளையோ முகர்ந்துவிட்டு, "வாசம் நல்லா இருக்குங்க" என்றான்.

"ஐயா மகன் பாஸ்தாங்க, கொழுந்துதான் பெயிலு!" என்றான் கொழுந்து பரப்பும் வீராசாமி. எல்லோரும் சிரித்தார்கள். துரையும் சிரித்ததால் நானும் சிரித்தேன். லோரன்ஸ் என்னை மட்டும் பார்த்தான்.

3.3.1949 அன்று, ஒன்பது வயதில் அதே மாடிக்கு ஓடிவந்து, "என்னப்பா புடிச்சுப் பாக்குறீங்க?" என்று கேட்டவன் அவன். "படிக்கிற புள்ளைக்கு இங்க என்ன வேலை? எறங்குடா!" என்று விரட்டியவன் நான்.

இக்கடிதத்தை ஒட்டி அவன் கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். நீ வாசித்தபின் அவனுக்கும் கொடு. நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

குளிர் அதிகம். என் மப்ளரைத் தபாலில் அனுப்பாதே. கொழுந்து பிடித்துப் பழக அவன் திரும்பி இங்கே வர ஒப்பினால் அவனிடம் கொடுத்துவிடு.

அவன் ரயிலுக்கு நேரமாகிறது.

ம. செபமாலை